மிலேயின் கதிர் பொறுக்கும் பெண்கள்: போவாஸ் எங்கே போனார்?

கேள்வி, பிப்ரவரி 8

"எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை அழைப்பிதழில் வருடாவருடம் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். வயலில் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்கும் அந்தப் பிரெஞ்சு ஓவியம். கீழே ரூத் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம். அது ரூத்தின் படம்தானே? அப்படியென்றால் மற்ற இருவர் யார்? போவாஸை ஏன் காணோம்?"

பிப்ரவரி 8, இரவு

வேதாகமத்தில் ரூத், பெத்லகேமில் போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் கதிர் பொறுக்கிய விதவை. இந்தப் படத்தில் அந்த ரூத் இல்லை. மூவருமே பெயரில்லாதவர்கள். ழான்-பிரான்சுவா மிலே 1857-இல் முடித்த எண்ணெய் ஓவியம் அது. பாரிஸுக்குத் தெற்கே பார்பிசோன் கிராமத்தை ஒட்டிய ஷாயி சமவெளிதான் அந்த வயல். பெத்லகேம் இல்லை. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 83.5 செ.மீ., அகலம் 110 செ.மீ. அழைப்பிதழிலும் காலண்டரிலும் பார்த்துப் பழகியவர்களுக்கு நேரில் அது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அந்த மூன்று உடல்களின் கனம் நேரில்தான் தெரியும்.

போவாஸை ஏன் காணோம் என்று கேட்டீர்கள். அந்த ஓவியத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

மிலே போவாஸை வரைந்திருக்கிறார், வேறொரு ஓவியத்தில். 1850-இல் தொடங்கி மூன்று வருடம் வேலை செய்த படம் அது. இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுவடைக்காரர்கள் பெரிய கதிர்ப்போர்களின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இடது பக்கம் ஒருவர் ஒரு பெண்ணை அவர்களிடம் அழைத்து வருகிறார். அவள் பொறுக்கிய கதிரை அணைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறாள். அவர் போவாஸ், அவள் ரூத். ஆனால் யாருக்கும் பழங்கால அங்கி கிடையாது. எல்லோரும் மிலேயின் காலத்துப் பிரெஞ்சு விவசாயிகள். 1853-இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வைத்தபோது ரூத், போவாஸ் பெயர்களை எடுத்துவிட்டு 'அறுவடைக்காரர்களின் உணவு' என்று தலைப்பிட்டார். இரண்டாம் தரப் பதக்கம் கிடைத்தது. அரசுத் தரப்பிலிருந்து அவருக்கு வந்த முதல் அங்கீகாரம் அது.

நான்கு வருடம் கழித்து அதே சலோனில் அதே ஓவியர் அதே பொருளை வைக்கிறார். இந்த முறை அழைத்து வருபவர் இல்லை. சாப்பாடும் இல்லை, உட்கார இடமும் இல்லை. குனிந்த பெண்கள் மட்டும். விமர்சகர்கள் பாய்ந்தார்கள். போல் த சேன்-விக்தோர் அந்த மூவரையும் வறுமையின் விதித்தேவதைகள் என்றார். ஃபிகாரோ பத்திரிகையில் எழுதியவருக்கு அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சியின் 1793-இன் ஈட்டிகளும் தூக்குமேடைகளும் தெரிந்தன. 1848 புரட்சி முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. ஏழைகளைப் பெரிதாக வரைந்தாலே மேட்டுக்குடிக்கு வயிற்றைக் கலக்கிய காலம்.

போவாஸ் இருந்த படத்துக்குப் பதக்கம், அவர் இல்லாத படத்துக்கு வசவு. என் வாதம் இதுதான். ஏழை வயலில் பொறுக்குவதைக் காண யாருக்கும் சங்கடமில்லை, கொடுப்பவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்வரை. மிலே அவரை நீக்கினார். உடனே அது தருமம் பற்றிய படமாக இல்லாமல் போயிற்று.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

நீக்கினார் என்றது போதாது. தள்ளி வைத்தார். ஓவியத்தின் வலது மூலையில், தொலைவில், குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். அறுவடையை மேற்பார்வை பார்க்கும் கண்காணி. அச்சுப்படத்தில் புள்ளியாகத்தான் தெரிவார். அவர் முன்னால் ஒரு பெரிய கூட்டம் வேலை செய்கிறது. கட்டுகளை ஏற்றிய வண்டி நிற்கிறது. போர்கள் வீடுகளைப் போல எழுந்து நிற்கின்றன. விளைச்சலுக்குக் குறைவில்லை. அது முழுக்கப் பொன்னொளியில், தூரத்தில். முன்னால் இருக்கும் பெண்களுக்குக் கிடைத்தது அறுத்த தாளும் அதற்கிடையில் சிதறிக் கிடக்கும் ஒன்றிரண்டு கதிரும்.

பிப்ரவரி 10

"லேவியராகமத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறதே, பிறகு ஏன் தருமம் என்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்தார்.

லேவியராகமம் 19:9-10, மறுபடி 23:22. வயலை அறுக்கும்போது ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. உபாகமம் 24:19 இன்னும் ஒரு படி போகிறது. வயலில் ஒரு கட்டை மறந்து விட்டுவந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். ஒலிவ மரத்துக்கும் திராட்சைக்கும் அதே விதி. நிலக்காரனின் மனம் இளகினால் கொடு என்று எங்கும் இல்லை. அந்தப் பங்கு முதலிலிருந்தே அவனுடையது இல்லை.

பின்னால் வந்த யூதச் சட்ட அறிஞர்கள் இதைக் கணக்காகவே எழுதி வைத்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஓரத்தில் விட வேண்டியது அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. கை தவறி விழுந்த கதிர் இரண்டு என்றால் ஏழைக்கு, மூன்று சேர்ந்து விழுந்தால் நிலக்காரனுக்கு என்பது ஹில்லேல் வழியாரின் கணக்கு. ஷம்மாய் வழியார் மூன்றுவரை ஏழைக்கு, நான்கானால்தான் நிலக்காரனுக்கு என்றார்கள். ஒரு கதிருக்காக இவ்வளவு வாதம் நடந்திருக்கிறது. அந்த ஒரு கதிர் யாருக்கு முக்கியம் என்று தெரிந்தவர்கள் செய்த வாதம் அது.

ஆகவே ரூத்தின் கதையில் இரண்டு அடுக்கு. கதிர் பொறுக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் மோவாபியப் பரதேசி, விதவையும்கூட. அதற்கு மேல் போவாஸ் தானாகச் செய்கிறார். வேறு வயலுக்குப் போகாதே என்கிறார், வேலைக்காரர் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து வறுத்த தானியம் கொடுக்கிறார். ஓவியர்கள் இந்த இரண்டாவது அடுக்கைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

பிப்ரவரி 10, இரவு

எடுத்துக்காட்டு கேட்டவருக்கு: பிரெஞ்சு ஓவியர் பூசன். 1660-க்கும் 1664-க்கும் இடையில் அவர் வரைந்த நான்கு பருவங்களில் 'கோடை' என்பது ரூத்தும் போவாஸும்தான். லூவ்ரில் நான்கும் ஒன்றாக இருக்கின்றன. ரூத் மண்டியிட்டிருக்கிறாள். போவாஸ் நின்றபடி கையை நீட்டி ஆளுக்கு உத்தரவு சொல்கிறார். பின்னால் குதிரைகள் கூட்டமாய்க் களத்தில் கதிரை மிதிக்கின்றன. விளைந்து நிற்கும் கோதுமை சுவர் மாதிரி. அழகைச் சொல்லி முடியாது. வயதாகிக் கை நடுங்கும் காலத்தில் வரைந்தவர் என்று நினைத்தால் இன்னும். ஆனால் கண் எங்கே போகிறது பாருங்கள், நீட்டிய அந்தக் கைக்கு. படத்தின் நடுவே இருப்பது ஓர் உத்தரவு.

இந்த நான்கு படங்களையும் வரையச் சொன்ன ரிஷ்லியூ பிரபு, 1665-இல் மன்னர் பதினான்காம் லூயியிடம் டென்னிஸ் பந்தயத்தில் தோற்றுத்தான் அவற்றைப் பறிகொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்த வருடம் அவை மன்னரிடம் போனது உண்மை.

1835-இல் இத்தாலியரான ஹயேஸ் வரைந்த ரூத் இன்னொரு கோடி. மார்பு திறந்த அழகி, கையில் கொஞ்சம் கதிர். வயல் வேலை செய்த உடம்பே இல்லை அது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12

"நீங்கள் கதிர் பொறுக்கியிருக்கிறீர்களா?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார் ஒருவர்.

பொறுக்கியிருக்கிறேன், சின்ன வயதில், சித்தியோடு. எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசனம். பிசான அறுப்பு முடிந்து கட்டெல்லாம் களத்துக்குப் போனபிறகுதான் வயலில் இறங்க விடுவார்கள். ஆள் அறுத்துக்கொண்டிருக்கும்போது இறங்கினால் திட்டு. அரிதாள் காலைக் குத்தும். சித்தி ஒரு கையால் பொறுக்குவாள், மறு கையில் பிடி சேரும். பிடி நிறைந்ததும் ஒரு தாளை எடுத்துச் சுற்றி மடியில் போட்டுக்கொள்வாள். நிமிர மாட்டாள். நிமிர்ந்தால் மறுபடி குனிய வேண்டுமே, அதுதான் இடுப்பைப் பிடிக்கும் என்பாள். என்னைக் கூட்டிப்போனதே நான் குனியாமல் பொறுக்குகிற உயரத்தில் இருந்ததால்தான்.

இதைத் தெரிந்துகொண்டு மிலேயின் படத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் இருப்பவள் ஒரு கையை நீட்டியிருக்கிறாள், மறு கை முதுகுக்குப் பின்னால். நடுவில் சிவப்புத் தலைத்துணிக்காரி இன்னும் ஆழக் குனிந்திருக்கிறாள். மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில் கையிலிருக்கும் பிடியைச் சரிசெய்கிறாள். இடுப்பில் கட்டிய முன்துணியைத் தூக்கிச் செருகிப் பையாக்கியிருக்கிறார்கள். மூன்று பேர் என்று பார்ப்பதைவிட ஒரே பெண்ணின் ஒரு பிற்பகல் என்று பார்த்தாலும் பொருந்தும். கை நீள்கிறது, எடுக்கிறது, பிடி கட்டுகிறது. மறுபடி முதலிலிருந்து. மிலே நார்மண்டியில் குருஷி என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் 1814-இல் பிறந்தவர், வயல் வேலை செய்து வளர்ந்தவர். அறைக்குள் ஆளை நிறுத்தி மட்டும் வரைந்தவருக்கு அந்த மறு கை எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்காது.

அடிவானத்தையும் கவனியுங்கள். மிக உயரத்தில் போட்டிருக்கிறார். இரண்டு பெண்கள் முழுக்க அந்தக் கோட்டுக்குக் கீழே, மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். மூன்றாமவள் மட்டும் அதைத் தொட்டும் தொடாமலும். வானம் அவர்கள் பங்குக்கு வரவில்லை.

பிப்ரவரி 12, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சித்தி எங்கள் ஊர் வயலில் பொறுக்க மாட்டாள். ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போவாள். தெரிந்தவர் வயலில் குனிந்து நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவளுக்கு அது உரிமையாகவும் தோன்றவில்லை, தருமமாகவும் தோன்றவில்லை. வெட்கமாகத் தோன்றியது. நான் இங்கே சட்டம், உரிமை என்று எழுதுவதை அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

பிப்ரவரி 14

"பிரான்சில் அப்போது இதற்குச் சட்டம் இருந்ததா, அல்லது நிலக்காரர் தயவா?"

சட்டம்தான், அதுவும் பழைய சட்டம். 1554-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஆணை போட்டார். முதியவர், உடல் முடியாதவர், சிறு பிள்ளைகள் போன்றவர்களுக்கு அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்க அனுமதி. 1810-இன் தண்டனைச் சட்டத்தில் அது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. வயல் முழுக்கக் காலியாகும் முன்னும், சூரியன் உதிக்கும் முன்னும், அஸ்தமித்த பின்னும் பொறுக்கினால் அபராதம். எப்போது கூடாது என்று சொன்னாலே மற்ற நேரம் கூடும் என்றுதானே பொருள்.

மிலேயின் படத்தில் சாயும் வெயில் அந்தப் பெண்களின் கழுத்திலும் தோளிலும் முதுகிலும் விழுகிறது. அழகுக்குப் போட்ட வெளிச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது கெடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வெளியேற வேண்டும்.

அந்தக் கெடு முடியும் கணத்தையே இன்னொருவர் வரைந்திருக்கிறார். ழூல் பிரெத்தோனின் 'பொறுக்கும் பெண்களை அழைத்தல்', 1859. அதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது, மிலேயுடையதைவிட நல்ல அகலம். வடக்கே கூர்யேர் என்ற அவருடைய சொந்த ஊர். அந்தி. வானத்தில் பிறை. ஊர்க் காவலர் வாயருகே கை வைத்து நேரம் முடிந்தது என்று குரல் கொடுக்கிறார். பெண்கள் கட்டுகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வரிசையாக வருகிறார்கள். நிமிர்ந்து, நேராக, கோயில் தூண்போல. பேரரசி யூஜெனிக்கு மிகவும் பிடித்துப்போய், மூன்றாம் நெப்போலியன் வாங்கி அரண்மனையில் மாட்டினார். 1862-இல் லுக்ஸம்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

மிலேயை வைத வர்க்கம் பிரெத்தோனை வாங்கியது. காரணம் அந்த நிமிர்ந்த முதுகுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. வேலை முடிந்துவிட்டது, கட்டு பெரிதாக இருக்கிறது, முகத்தில் அமைதி. பார்ப்பவர் மனம் நிம்மதியாகிவிடுகிறது.

பிப்ரவரி 15

பிரெத்தோனை மட்டம் தட்டாதீர்கள் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. டப்ளினில் அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய 1854-ஆம் வருடத்துக் 'கதிர் பொறுக்குவோர்' இருக்கிறது. அதில் பிள்ளைகளும் கிழவிகளும் உண்டு, வயலே கூட்டமாக இருக்கும். அதை மிலேக்கு முன்பே வரைந்துவிட்டார். ஊரைத் தெரிந்தவர், அந்தப் பெண்களை நேசித்தவர். என் சித்தியைப் போன்ற ஒருத்தியைப் பிரெத்தோன் வரைந்திருந்தால் அவள் அந்தப் படத்தை வீட்டில் மாட்டியிருப்பாள். மிலே வரைந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டாள். அவளை அந்த நிலையில் யாரும் பார்க்கக் கூடாது என்பதுதானே அவளுக்கு. இதை யோசித்தபிறகு நேற்று எழுதியதன் வேகம் எனக்கே கொஞ்சம் குறைகிறது. மரியாதையாக வரைவதும் ஒரு நியாயம்தான். அதை வாங்கியவர் யார் என்பது வேறு கணக்கு.

ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் மிலேயைத்தான் எடுப்பேன்.

பிப்ரவரி 17

இங்கிலாந்து பற்றிக் கேட்டவருக்கு. இதைப் படித்தால் மனம் கொதிக்கும்.

சஃபோக் மாவட்டத்தில் திம்வொர்த் என்ற ஊர். மேரி ஹௌட்டன் என்ற பெண் ஸ்டீல் என்பவரின் நிலத்தில் கதிர் பொறுக்கினாள். அவர் வழக்குப் போட்டார். 1788-இல் தீர்ப்பு வந்தது. பொதுச் சட்டப்படி யாருக்கும் கதிர் பொறுக்கும் உரிமை கிடையாது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். மோசேயின் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஏழைக்கு உதவுவது கிறிஸ்தவ தருமத்துக்கு உகந்ததுதான், ஆனால் அதை உரிமையென்று கேட்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நீதிபதி கூல்ட் ஒருவர் மட்டும் லேவியராகமத்தைக் காட்டி மாறுபட்டார்.

நான் ஓவியங்களில் தேடிக்கொண்டிருந்தது அந்த நீதிமன்றத்தில் பட்டவர்த்தனமாக நடந்திருக்கிறது. வேதம் பங்கு என்று எழுதியதை எடுத்துத் தருமம் என்ற பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியபிறகு சாவி நிலக்காரரிடம்.

நல்லவேளையாக ஊர்கள் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சில ஊர்களில் தேவாலய மணி அடித்துப் பொறுக்கும் நேரத்தைத் தொடங்கி வைத்தார்கள், மணி அடித்தே முடித்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று வருடம் முன்னால், 1785-இல், ஜார்ஜ் ஸ்டப்ஸ் 'அறுவடை செய்வோர்' வரைந்தார். லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. வேலையாட்களின் உடையில் ஓர் அழுக்குப் புள்ளி இல்லை. குதிரைமேல் மேற்பார்வையாளர் வெகு அருகில், அவர்களுக்கு மேலே. மிலே அதே குதிரைக்காரரைத்தான் அடிவானம்வரை துரத்தியிருக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தோன்றும். மிலே ஸ்டப்ஸைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. அந்தக் குதிரைக்காரர் எல்லா நாட்டு வயலிலும் இருந்தார்.

பிப்ரவரி 18

சம்பளம் பற்றிய படம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: லெர்மித், 'அறுவடைக்காரர்களுக்குக் கூலி கொடுத்தல்', 1882, ஓர்சே. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். ஒருவர் காசை எண்ணிக் கொடுக்கிறார். அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் ஆள் வெறித்துப் பார்க்கிறார். தருமமும் இல்லை, பங்கும் இல்லை. நாள் முடிந்தது, காசு வந்தது. அந்த வெறித்த பார்வைக்காகவே பார்க்க வேண்டிய படம்.

பிப்ரவரி 20

"போவாஸ்மேல் உங்களுக்கு என்ன கோபம்? நல்ல மனிதர் நல்லது செய்தார். கருணையையே குற்றம்போலப் பேசுகிறீர்கள்." இது எங்கள் பக்கத்துச் சபை ஊழியர் ஒருவர்.

ஐயா, போவாஸ்மேல் கோபமே இல்லை. என் கோபம் அவரை வரைந்த விதத்தில்தான். நீங்கள் கேட்டபிறகு இரண்டாம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். 15, 16 வசனங்களைப் பாருங்கள். ரூத் எழுந்து பொறுக்கப் போனபிறகு, அவள் காதில் விழாமல், வேலைக்காரரிடம் சொல்கிறார்: அவளை வெட்கப்படுத்தாதீர்கள், அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள். அவளுக்கு அது சொல்லப்படவே இல்லை. சாயங்காலம் அடித்துப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட நிறைய வாற்கோதுமை. மாமியார் நகோமிதான் கேட்கிறாள், இன்று எங்கே பொறுக்கினாய் என்று.

கொடுத்தது யாரென்று தெரியாதபடி, அவள் உழைப்புக்குள்ளேயே ஒளித்து வைத்த கொடை. வாங்கியவள் வாங்கியதாகவே நினைக்க வேண்டியதில்லை. என் சித்தி ஆற்றைத் தாண்டிப் போனதற்குக் காரணமான அந்த வெட்கத்தை இந்தக் கதையை எழுதியவர் அறிந்திருக்கிறார். எத்தனையோ அறுப்புப் பண்டிகைப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். போவாஸின் தாராளத்தைச் சொன்னார்கள், அவர் குரலைத் தாழ்த்தியதை யாரும் சொன்னதாக நினைவில்லை.

இப்போது ஓவியரின் இடத்தில் நின்று யோசியுங்கள். எண்ணெய் ஓவியத்துக்குக் கை நீள வேண்டும், முகம் திரும்ப வேண்டும், ஒருவர் மண்டியிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் செய்ததை எப்படிக் காட்டுவது? அதனால் பூசன் கையை நீட்டவைத்தார். மிலேயே 1853-இல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கதை ஒளித்து வைத்ததை ஓவியம் வெளிச்சத்துக்கு இழுத்தது. கலையின் தேவை அது, நான் குறைசொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் மனதில் தங்கியது நீட்டிய கைதான்.

பிப்ரவரி 21

மேலே எழுதியதைத் தொடர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் மிலேயின் மூன்று பெண்களுக்கு முன்னால் தரையில் கிடக்கும் கதிரை யாரோ வேண்டுமென்றே சிந்தியிருக்கலாமே? போவாஸ் படத்துக்குள்ளேயேதான் இருக்கிறாரோ, கதை சொன்னதுபோலவே கண்ணுக்குத் தெரியாமல்?"

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் கிடப்பது மிகக் கொஞ்சம். அவர்கள் கையிலிருக்கும் பிடியும் சிறியது. யாராவது சிந்தவிட்டிருந்தால் இவ்வளவு மெலிவாக இருக்காது என்று தோன்றுகிறது. ஆனாலும் மிலே வேதத்தில் ஊறியவர், பக்தியான பாட்டியிடம் வளர்ந்தவர், நான்கு வருடம் முன்புதான் ரூத்தை வரைந்து முடித்தவர். அவர் மனதில் அந்த வசனம் இல்லாமல் இருந்திருக்காது. தன்னை அரசியல்காரன் என்று சொன்னவர்களை அவர் மறுத்தே வந்தார். உங்கள் கேள்விக்கு முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆம் என்றும் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 23

விலை பற்றி. மிலே அந்த ஓவியத்தை 3,000 பிராங்குக்கு விற்றார். வீடு நிறையப் பிள்ளைகள், எப்போதும் கடன். 1875-இல் இறந்தார். 1889-இல் அதே ஓவியம் 3,00,000 பிராங்குக்குப் போயிற்று. வாங்கியவர் ஷாம்பெய்ன் மது நிறுவனத்தை நடத்திய மதாம் பொம்மெரி. அவர் இறந்தபின் அது லூவ்ருக்கு நன்கொடையாக வந்தது, பிறகு ஓர்சேக்கு. அதே 1889-இல் மிலேயின் 'ஆஞ்ஜெலுஸ்' ஏலத்தில் ஐந்தரை லட்சம் பிராங்கைத் தாண்டியது. வரைந்தவரின் குடும்பத்துக்கு இதில் ஒரு காசு வரவில்லை. ஓவியர்களின் குடும்பங்கள் வறுமையில் கிடக்க, ஓவியம் கைமாறிக் கைமாறி விலை ஏறுவது பிரான்சில் பெரிய விவாதமாயிற்று. 1920 மே மாதம் சட்டம் வந்தது. ஓவியம் ஏலத்தில் மறுபடி விற்கப்பட்டால், ஓவியருக்கு அல்லது வாரிசுக்கு விலையில் ஒரு சிறு பங்கு. அந்த விவாதத்தில் 'ஆஞ்ஜெலுஸ்' பெயர் அடிக்கடி அடிபட்டது.

"அப்படியானால் அதுவும் கதிர் பொறுக்கும் சட்டம்தானே" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அறுபதில் ஒன்று கணக்கை நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24

இன்று எங்கள் பக்கம் கதிர் பொறுக்குகிறார்களா என்று கேட்டவருக்கு: பெல்ட் மிஷின் வந்தபிறகு குறைந்துவிட்டது. மிஷின் அங்கேயே கதிரடித்து நெல்லைத் தொட்டிக்குள் எடுத்துக்கொள்கிறது. தரையில் விழுவது உதிரி நெல், அதைக் கையால் பொறுக்க முடியாது. வாத்து மேய்ப்பவர்கள் வருகிறார்கள். ரேஷன் அரிசி வந்ததால் பொறுக்கித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையும் பலருக்கு இல்லை. அது நல்ல விஷயம். ரேஷன் கடையில் நிற்பவரிடம் யாரும் தருமம் என்று சொல்லக் கூடாது, அது அவர் பங்கு.

பிப்ரவரி 27

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். இந்த வருட அழைப்பிதழுக்கு வேறு படம் போடலாமா என்று கமிட்டியில் பேச்சாம். மிலேயை எடுத்துவிட்டுப் பூசனைப் போடலாம், அதில்தான் நிஜமான ரூத் இருக்கிறாள் என்று ஒரு கட்சி.

மாற்றாதீர்கள். படம் அதுவே இருக்கட்டும், வசனத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். லேவியராகமம் 23:22 போடுங்கள். இடம் இருந்தால் வலது மூலையை வெட்டாமல் அச்சிடச் சொல்லுங்கள், குதிரைக்காரர் விழுந்துவிடுகிறார். நான் பார்த்த காலண்டர்களில் பாதிக்கு மேல் அவரை வெட்டித்தான் இருக்கின்றன.

எனக்கு ஒரு உதவி வேண்டும். போவாஸின் ஆட்கள் அரியிலிருந்து வேண்டுமென்றே கதிரை உருவிச் சிந்துகிற அந்தக் கணத்தை, ரூத் பின்னால் பார்க்காமல் வந்துகொண்டிருப்பதை, முன்னால் வைத்து வரைந்த ஓவியம் யாராவது பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் ஓவியம்தான் வேண்டும் என்றில்லை, பழைய வேதாகமப் படம், செதுக்குப் படம் எதுவானாலும் சரி. நான் பார்த்தவற்றில் இல்லை. இருந்தால் எந்த ஊரில், எந்தக் கூடத்தில் என்று எழுதுங்கள்.